மூன்று மாத மழையும் பன்னிரண்டு மாத வாழ்வும்

கிளிநொச்சியில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை இலண்டனில் பெய்வதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இலண்டனுக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 600 மில்லிமீற்றர். கிளிநொச்சியை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதிக்கு 1,200 முதல் 1,500 மில்லிமீற்றர் வரை. ஆனாலும் இலண்டனை எவரும் வறண்ட ஊர் என்பதில்லை. வன்னியோ இலங்கையின் உலர் வலயத்துக்குள் கிடக்கிறது. ஆடியில் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் எவருக்கும் அந்தப் பெயரின் பொருள் புரியும்.

காரணங்கள் இரண்டு. ஒன்று, இலண்டனின் மழை பன்னிரண்டு மாதங்களுக்கும் பங்கிட்டுத் தூறுகிறது. வன்னியின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மற்றது, ஆவியாதல். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றருக்கு மேல் நீர் ஆவியாகிப் போகிறது. நூறு நாளில் அரை மீற்றர். ஆழம் குறைந்த ஒரு சிறுகுளம் ஒரு துளிகூட வயலுக்குத் திறக்காமலே, கோடைப் பயிர்க்காலமான சிறுபோகத்துக்குள் பாதியாகிவிட இது போதும்.

ஆகவே வன்னியில் ஆண்டுச் சராசரி என்ற எண்ணை நம்பிக் கணக்குப் போடுபவர் ஏமாந்து போவார். சூழல் பேணல் பற்றி உலகெங்கும் பேசப்படும் அளவுகள் பெரும்பாலும் ஆண்டுக் கணக்குகள்: ஆண்டுக்கு இத்தனை அலகு மின்சாரம், இத்தனை கனமீற்றர் தண்ணீர், இத்தனை தொன் குப்பை. இங்கே மாதக் கணக்கு வேண்டும். ஒரு பொருள் எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்கும் அதே மூச்சில், எந்த மாதத்தில் கிடைக்கிறது, எந்த மாதத்தில் தேவைப்படுகிறது, நடுவில் அதை எங்கே வைத்திருப்பது என்றும் கேட்க வேண்டும். பல்கலைக்கழக வளாகமானாலும் அரை ஏக்கர் வளவுக்குள் நிற்கும் வீடானாலும் இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை சொன்னால்தான் வன்னியில் நிலைத்திருக்க முடியும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கேள்விகளைப் பற்றியதுதான்.

வன்னியின் முன்னோர் இந்தக் கேள்விகளுக்கு மண்ணாலேயே விடை எழுதி வைத்திருக்கிறார்கள். மாரியில் ஓடும் நீரை மறிக்க ஒரு கட்டு, தேவைக்குத் திறக்க ஒரு துருசு, மிஞ்சியதை விட ஒரு வான், நீர் ஏறி இறங்கும் மேற்புறத்தில் அலைகரை. ஒரு குளம் வான் பாய்ந்தால் அந்த நீர் கீழேயுள்ள குளத்துக்குப் போகும். மேல் வயலில் பாய்ந்து வடிந்த நீரும் அங்கேதான் சேரும். வவுனியாப் பக்கத்துச் சிறுகுளங்கள் இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடர் கோத்து நிற்பவை. அதே தண்ணீர் இரண்டு தடவை, மூன்று தடவை வேலை செய்கிறது. அலைகரையில் நிற்கும் மரங்கள் காற்றை மறிக்கின்றன. அவற்றுக்கு அடியில் வளரும் புல் வண்டலைப் பிடித்து வைக்கிறது. குளத்தின் அடியால் கசியும் நீர் சுற்றியுள்ள கிணறுகளை நிரப்புகிறது. வன்னியின் உட்பகுதி பெரும்பாலும் பழைய கருங்கல் தளம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லைப் போல அது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. பாறைக்கு மேலே சிதைந்து கிடக்கும் சில மீற்றர் மண்தான் கிணற்றுநீரின் களஞ்சியம். குளம் வற்றினால் கிணறும் இறங்கும். குளத்தைத் தூர்த்து வீடு கட்டுபவர் தன் கிணற்றையும் சேர்த்தே தூர்க்கிறார்.

இந்தத் தொகுதியின் பெரிய பிள்ளை இரணைமடு. கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கி 1920களின் தொடக்கத்தில் முடிந்த குளம். பின்னர் பல தடவை உயர்த்தப்பட்டு, இன்று 130 மில்லியன் கனமீற்றருக்கு மேல் நீரைக் கொள்கிறது. ஆண்டுக் கணக்குக்கும் மாதக் கணக்குக்கும் நடுவே எவ்வளவு பெரிய பிளவு உண்டென்பதற்கு இந்தக் குளமே சாட்சி. 2010ஆம் ஆண்டையொட்டி ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன், யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுவிலிருந்து நாளொன்றுக்கு 27,000 கனமீற்றர் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் வந்தது. காகிதத்தில் பார்த்தால் அது ஆண்டுக்கு ஒரு கோடி கனமீற்றருக்கும் குறைவு; நிறைந்த குளத்தின் பன்னிரண்டில் ஒரு பங்குகூட வராது. கிளிநொச்சிக் கமக்காரர்கள் எதிர்த்தார்கள். சிலர் அதைப் பிரதேசப் பொறாமை என்றார்கள். அது நியாயமற்ற பேச்சு. கமக்காரருக்குத் தெரிந்திருந்தது வேறொன்று: குடிநீருக்குத் துருசைப் பூட்டும் நாள் கிடையாது, குளமோ எல்லா ஆண்டும் நிறைவதில்லை. 2016 மாரி பொய்த்து, 2017இல் நாடு முழுவதும் வறட்சி கண்டபோது அவர்களுடைய அச்சத்தின் அளவு எல்லோருக்கும் தெரிந்தது. முடிவில் வடமராட்சி கிழக்கு தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் எடுக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. கடல்நீரின் உப்பைப் பிரிக்கக் கனமீற்றருக்கு மூன்று, நான்கு அலகு மின்சாரம் வேண்டும். அதாவது முழுக் கொள்ளளவில் இயங்கினால் நாளுக்குத் தொண்ணூற்றாறாயிரம் அலகு வரை. வானத்திலிருந்து இலவசமாக விழுந்த நீரை உரிய மாதத்துக்கு வைத்திருக்க முடியாமற் போனால் கொடுக்க வேண்டிய விலை அது.

இரணைமடுவுக்குக் கூப்பிடு தூரத்தில், ஏ-9 வீதியோரம், அறிவியல்நகர் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியிலேயே தொடங்கியது. போரினால் இடம்பெயர்ந்து, போர் முடிந்த பின்னர் திரும்பி வந்தது. அதனோடு பொறியியல் பீடமும் பிறகு தொழில்நுட்ப பீடமும் சேர்ந்துகொண்டன. இந்திய அரசின் நன்கொடையில் விவசாய, பொறியியல் பீடங்களுக்குக் கட்டடங்கள் எழுந்தன. தெற்கே பம்பைமடுவில், 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது 2021 ஓகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் ஆனது. இரண்டும் காட்டோரத்தில் கட்டப்பட்ட சிறு பட்டினங்கள். விடுதி உண்டு, சமையல் உண்டு, ஆய்வுகூடம் உண்டு, கழிவு உண்டு. ஒரு ஊர் சந்திக்கும் எல்லாச் சிக்கலும் மதிலுக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தீர்க்கக்கூடிய மண்ணியலாளரும் பொறியியலாளரும் அதே மதிலுக்குள்தான் இருக்கிறார்கள். வேறெந்த ஊருக்கும் கிடைக்காத வாய்ப்பு இது.

பல்கலைக்கழகங்களின் பசுமையை அளக்க இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010இல் தொடங்கிய ஒரு தரவரிசை உலகெங்கும் பரவியிருக்கிறது. பல ஆண்டுகளாகப் பயன்பட்ட அதன் புள்ளித்திட்டத்தில் ஆற்றலுக்கும் காலநிலைக்கும் 21 வீதம், கழிவுக்கு 18, போக்குவரத்துக்கு 18, கல்விக்கு 18, அமைவிடத்துக்கு 15, தண்ணீருக்கு 10. இப்படியொரு தரவரிசை இருப்பது நல்லதே. அளக்கத் தொடங்குகிறவன்தான் திருத்தத் தொடங்குவான். ஆனால் தண்ணீருக்குப் பத்தே வீதம் என்ற திட்டத்தை அப்படியே வன்னிக்குக் கொண்டுவந்தால் நாம் தவறான பரீட்சைக்குப் படிக்கிறோம். இலங்கையர் ஒருவரின் ஆண்டுக் கரியமிலவாயு வெளியீடு ஏறத்தாழ ஒரு தொன். உலகச் சராசரி நாலரைத் தொன்னுக்கு மேல். வன்னிக் கிராமத்தவரின் பங்கு அதிலும் சிறிது. இங்கே முதல் வேலை, மாறிவரும் மழையோடு மல்லுக்கட்டி வாழத் தேவையான சேமிப்பை உண்டாக்குவது. என் கணக்கில் வன்னி வளாகமொன்றுக்கு நூற்றில் நாற்பது புள்ளியாவது தண்ணீருக்குப் போக வேண்டும்.

அந்த நாற்பதை எப்படிப் பெறுவது? ஒரு சதுரமீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். இந்த ஒரு வரி தெரிந்தால் மீதியெல்லாம் பெருக்கல்தான். இரண்டாயிரம் சதுரமீற்றர் கூரையுள்ள ஒரு பீடக் கட்டடத்தில் நூறு மில்லிமீற்றர் மழை விழும் ஒரு கார்த்திகை நாளில் இரண்டு இலட்சம் லீற்றர் இறங்குகிறது. அது பீலியால் விழுந்து வாய்க்காலால் ஓடி வீதியை உடைத்துக்கொண்டு போகலாம். வளாகத்துக்குள்ளேயே வெட்டிய ஒரு கேணியில் தங்கி மண்ணுக்குள் இறங்கியும் போகலாம். காட்டு நிலத்தில் விழும் மழையில் சிறு பங்கே மேற்பரப்பில் ஓடும்; சீமெந்துத் தளத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஓடும். அதனால் காட்டைக் கட்டடமாக மாற்றும்போது ஒரே செயலால் இரண்டு தீங்கு செய்கிறோம்: மார்கழியில் வெள்ளத்தைக் கூட்டுகிறோம், ஆவணியில் கிணற்றைக் குறைக்கிறோம். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் மூழ்கியதை இங்கே எவரும் மறக்கவில்லை. அவ்வளவு பெரிய வெள்ளத்தைத் தனி வளாகமொன்று தடுத்துவிடாது. ஆனால் தன் கூரையில் விழுந்த நீரைத் தன் எல்லைக்குள் ஒரு நாளாவது பிடித்து வைப்பது ஒவ்வொரு வளாகமும் தன் கீழ்ப்புறத்து ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை.

விடுதிகளில் நீர் வீணாவதைக் குறைப்பது இதைவிட எளிது. ஆனால் இதைவிடக் குறைவாகவே நடக்கிறது. கழிவறைத் தொட்டியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒழுகும் நீர் ஒரு நாளில் சில நூறு லீற்றராகிவிடும். தொட்டிக்குள் கொஞ்சம் மஞ்சள் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் எவரும் தண்ணீர் அடிக்காமல் விட்டுக் கீழே நிறம் இறங்குகிறதா என்று பார்த்தால் ஒழுக்கு தெரிந்துவிடும். குடிநீருக்காகச் சவ்வு வடிகட்டி பூட்டிய இடங்களில் இன்னொரு இழப்பு உண்டு. உள்ளே போகும் நீரில் பாதியளவு உப்புச் செறிந்த கழிவாக வெளியே வரும். அதை வாய்க்காலில் விடாமல் கழிவறைக்குத் திருப்பினால் அதே தண்ணீர் இரண்டாம் தடவை வேலை செய்யும். குளத்தொடர் செய்வதும் இதைத்தான்.

இனி வீட்டுக்கு வருவோம். போருக்குப் பின் இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கிலும் கிழக்கிலுமாக 46,000 வீடுகள் எழுந்தன. வன்னியில் திரும்பிக் குடியேறியோர் பலர் தம் கையாலேயே கட்டியவை. ஒவ்வொன்றும் 550 சதுர அடியளவு, அதாவது ஏறத்தாழ 51 சதுரமீற்றர். ஆண்டு மழை 1,250 மில்லிமீற்றர் என்று வைத்து, தெறிப்பும் ஒழுக்கும் போக எண்பது வீதம் கைக்கு வருமென்றால், அந்தச் சின்னக் கூரையிலிருந்து ஆண்டுக்கு 51,000 லீற்றர். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லீற்றர் என்றால் நாளுக்கு 25 லீற்றர். மாசி தொடக்கம் புரட்டாதி வரை 240 நாளுக்கு 6,000 லீற்றர் போதும். இலங்கை மழைநீர் அறுவடை மன்றம் 1996இலிருந்து இதைச் செய்து வருகிறது. போருக்குப் பின் வன்னியிலும் சீமெந்துத் தாங்கிகள் கட்டிக் கொடுத்தது. அந்தத் தாங்கிகளில் வழமையான அளவு 8,000 லீற்றர். நம் கணக்குக்குப் பொருந்தி, மேலும் இரண்டு மாதத்துக்கு மேல் மிச்சமும் இருக்கிறது.

இதை நான் வற்புறுத்துவதற்குச் சிக்கனத்துக்கு அப்பாலும் காரணம் உண்டு. வவுனியாவின் பல கிணறுகளில் நீர் கடினம்; சிலவற்றில் புளோரைட்டும் கூட. காரணம் இன்னமும் தீர்மானமாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தில் 1990களில் இனங்காணப்பட்டு, பிறகு வவுனியா வரை பதிவாகியிருக்கிறது. கிணற்றுநீர்தான் குற்றவாளி என்று அறிவியல் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் ஓட்டுக்கூரையில் விழுந்த மழைநீரில் கடினத்தன்மையும் இல்லை, புளோரைட்டும் இல்லை என்பது நிச்சயம். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட வேண்டும். தாங்கிக்குள் வெளிச்சமும் நுளம்பும் புகக் கூடாது. குடிக்குமுன் கொதிக்க வைக்க வேண்டும். இவை மூன்றும் செய்தால் போதும். மழைநீருக்குச் சுவை இல்லை என்று சிலர் தள்ளுவதுண்டு. சுவை என்று நாம் பழகியிருப்பது கல்லிலிருந்து கரைந்துவந்த உப்புகளைத்தான்.

குளிக்கிற தண்ணீருக்குக் கிணறே கதி. கிணற்றடி நீர் வாழைக்கும் தென்னைக்கும் போகும்படி வாய்க்கால் பிடித்துவிடுவது நம் வீடுகளில் வழிவழியாக வந்த பழக்கம். குளியலறை வீட்டுக்குள் புகுந்து நீர் குழாயால் குழிக்குள் போகத் தொடங்கியபின் அந்தப் பழக்கம் அறுந்து வருகிறது. புதிதாக வீடு கட்டுவோர் கழிவறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் தனித்தனியாக வெளியே கொண்டுவந்தால் போதும். பின்னால் எத்தனையோ வாழைமரம் பிழைக்கும்.

மரநடுகைக்கு வருகிறேன். இதில்தான் நாட்காட்டிப் பிழை மிகக் கொடுமையானது. 1972இல் ஸ்டொக்ஹோமில் நடந்த மாநாட்டின் நினைவாக யூன் 5 உலகச் சுற்றாடல் தினம். அன்றைக்குப் பாடசாலைகளிலும் வளாகங்களிலும் கன்று நட்டுப் படம் எடுக்கிறார்கள். யூன் மாதத்தில் கேரளத்துக்கும் கொழும்புக்கும் மழை உண்டு. வன்னிக்குச் சோளகம். நிலம் வெடித்துக் கிடக்கும், காற்று இலையிலிருந்து நீரை உறிஞ்சும், அடுத்த நல்ல மழைக்கு நான்கு மாதம் இருக்கும். அன்று நட்ட கன்றுகளைக் காய்ந்த குச்சிகளாகப் பார்க்கும்போது, ஆசையோடு நட்ட பிள்ளைகளின் மனதை நினைத்து எனக்கு வேதனையாக இருக்கும். வட மாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தது அறிவியல் தெரிந்த முடிவு. ஐப்பசியின் முதல் மழையோடு நட்டால் வேர் மூன்று மாதம் ஈர மண்ணில் கீழே இறங்கும். மாசியில் மேல்மண் காயும்போது அது ஆழத்தைப் பிடித்திருக்கும். யூன் 5இல் செய்ய வேண்டிய வேலை வேறு: விதை சேகரிப்பது, நாற்றுமேடை போடுவது, கட்டாக்காலி மாடுகள் புகாமல் வேலியடைப்பது. வேலி இல்லாத மரநடுகை வன்னியில் மாட்டுக்குத் தீனி.

அதற்கும் முன்னால், நிற்கிற மரத்தை விட்டுவைப்பது. பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் அவசரப்படாத மரங்கள். ஒரு நல்ல பாலை முதிர ஒரு மனித ஆயுள் போதாது. புல்டோசரால் காட்டை வழித்துத் தளம் சமப்படுத்திக் கட்டடம் கட்டியபின், நிழலுக்கென்று வேகமாக வளரும் அந்நிய மரத்தை வரிசையாக நடும் பழக்கம் போக வேண்டும். கட்டட வரைபடத்தில் ஒவ்வொரு பெரிய மரத்தையும் முதலில் குறித்துவிட்டு, அதைச் சுற்றிச் சுவரை வரைவது கட்டடக்கலைஞருக்குச் சற்றுக் கூடுதல் வேலைதான். ஈடாகக் கிடைப்பது பெரிது. மரம் இலைவழியே வெளிவிடும் ஒவ்வொரு லீற்றர் நீரும் சுற்றுப்புறத்திலிருந்து ஏறத்தாழ 0.68 மின்னலகுக்குச் சமமான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நாளுக்கு நூறு லீற்றர் வெளிவிடும் மரமொன்று 68 அலகு வெப்பத்தை மின்கட்டணமில்லாமல் அகற்றுகிறது. வறட்சியில் மரம் இலைத்துளைகளை மூடிக்கொண்டு சிக்கனமாகும். அப்போதும் நிழல் இருக்கும்.

சூரிய மின்சாரத்திலும் நேரம்தான் முக்கியம். நம் வலயத்தில் ஒரு கிலோவாற் சூரியத் தகடு நாளுக்குச் சராசரி நான்கு அலகளவு தரும். அதிலும் பெரும்பகுதி காலை ஒன்பதுக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையில். வீட்டில் அந்நேரம் ஆளில்லை. விளக்கும் விசிறியும் தொலைக்காட்சியும் இரவில்தான். வளாகத்திலோ விரிவுரை, ஆய்வுகூடம், குளிரூட்டி, நீரிறைக்கும் பம்பி எல்லாம் பகலில்தான். ஆகவே ஒரே பணத்துக்கு வீட்டுக் கூரையைவிட வளாகக் கூரையில் தகடு கூடுதலாகப் பயன்படும். 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது நாட்டின் மின்தேவை சரிந்ததால், கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொள்ள நேர்ந்தது. தேவையற்ற நேரத்தில் கிடைக்கும் மின்சாரம், வான் பாய்ந்து கடலுக்குப் போகும் நீருக்குச் சமம். வீட்டில் தகடு பூட்டியவர்கள் பம்பியை நண்பகலில் போட்டு மேல்தாங்கியை நிரப்பிவைத்தால், மின்கலம் வாங்காமலே சூரியனைச் சேமித்தவர்கள் ஆவார்கள்.

சேதனக் கழிவைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் அந்தச் சொல்லுக்கே நம் நாட்டில் ஒரு காயம் இருக்கிறது. 2021 மே மாதத்தில் அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் தடைசெய்தது, நவம்பரில் விலக்கியது. அதற்குள் மாரிப் பயிர்க்காலமான காலபோகத்துக்கு விதைத்தாகிவிட்டது. வன்னியின் கமக்காரருக்கு அன்று சொல்லப்படாத கணக்கு இது. ஒரு தொன் நெல் மண்ணிலிருந்து எடுக்கும் நைதரசன் 15 முதல் 20 கிலோ. ஹெக்டேருக்கு நான்கு தொன் விளைந்தால் 80 கிலோ வரை. அதை யூரியாவாகக் கொடுத்தால் 50 கிலோ மூட்டை மூன்றரை. உலர்ந்த கூட்டெருவாகக் கொடுத்தால், ஒரு வீதம் நைதரசன் என்று வைத்தாலும், எட்டுத் தொன்; அதிலும் முதற்போகத்தில் ஒரு பகுதிதான் பயிருக்குக் கிடைக்கும். இரணைமடுவின் கீழுள்ள இருபதினாயிரம் ஏக்கருக்கு மட்டுமே அறுபதினாயிரம் தொன்னுக்கு மேல் வேண்டும். சில மாதத்தில் அதை எங்கே செய்வது? சேதன வேளாண்மை தோற்றதாக அதை எழுதிவைப்பது பிழை. காலத்தைக் கேட்காமல் போட்ட கட்டளை அங்கே தோற்றது.

காலத்தைக் கேட்டுச் செய்தால் கூட்டெரு நன்றாகவே செய்யலாம். நுண்ணுயிரின் உடலில் எட்டுப் பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு நைதரசன் இருக்கிறது. உண்ணும் கரிமத்தில் மூன்றில் இரண்டு பங்கை அது மூச்சாக எரித்துவிடும். ஆகவே அதற்கு ஏற்ற உணவு, ஒன்றுக்கு இருபத்தைந்து முதல் முப்பது என்ற கலவை. வைக்கோலில் அறுபது, எழுபது பங்கு கரிமம். விடுதிச் சமையற்கழிவிலும் கிளிசறியா இலையிலும் பதினைந்தளவு. வைக்கோல் மட்டும் குவித்தால் அசையாமல் கிடக்கும். சோற்றுக்கழிவு மட்டும் குவித்தால் நாறும், புழுக்கும், மெதேனைக் கக்கும். இரண்டையும் அடுக்கடுக்காகக் கலந்து, பிழிந்தால் ஓரிரு துளி சொட்டும் ஈரத்தில், ஒரு மீற்றர் உயரத்துக்குக் குவித்தால் சில நாளில் குவியலின் நடு 55 பாகைக்கு மேல் கொதிக்கும். களை விதையும் நோய்க்கிருமியும் அந்தச் சூட்டில் சாகும்.

சிக்கல் இங்கும் நாட்காட்டிதான். வைக்கோல் தை, மாசியில் ஒரேயடியாக வரும். அறுவடை இயந்திரம் வயலில் கொட்டிவிட்டுப் போனதைப் பலர் கொளுத்திவிடுகிறார்கள். சமையற்கழிவோ தவணை நடக்கும் நாளெல்லாம் வரும். ஆகவே வளாகம் மாசியில் அயல் கமக்காரரிடம் வைக்கோலை வாங்கிப் போராகக் கட்டி வைத்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் அன்றன்றைய கழிவோடு கலக்க வேண்டும். எரு புரட்டாதிக்கு முதிர்ந்தால் காலபோக உழவுக்கு அதே கமக்காரரிடம் திரும்பிப் போகலாம். விவசாய பீடமும் விடுதியும் வயலும் ஒரே இடத்தில் இருக்கிற அறிவியல்நகரைப் போன்ற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எது?

சோற்றுப் பாசல் சுற்றும் பொலித்தீன் தாளைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. 2017 செப்டெம்பரிலேயே அது தடைசெய்யப்பட்டது, இன்னமும் கிடைக்கிறது. சிற்றுண்டிச்சாலைக் குத்தகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து, கழுவித் தரும் கோப்பையைக் கட்டாயமாக்கினால் வளாகத்துக்குள் அது முடிந்துவிடும். பயணத்திலும் அப்படியே. யாழ்ப்பாணத்திலிருந்து அறிவியல்நகருக்கு எழுபது கிலோமீற்றரளவு. காரில் தனியாக வந்தால் ஐந்து லீற்றர் பெற்றோலும் பதினொரு கிலோ கரியமிலவாயுவும். ஐம்பது பேர் நிறைந்த பேருந்தில் ஆளுக்கு ஒரு கிலோவளவு. அறிவியல்நகருக்கென்றே ஒரு புகையிரத நிலையமும் இருக்கிறது. விரிவுரை நேர அட்டவணையை எழுதுபவர் புகையிரத நேர அட்டவணையையும் மேசையில் வைத்திருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

வீடு கட்டும் பொருளிலும் வன்னி ஒரு பாடத்தைக் கண்டது. 2015, 2016இல் வடக்குக்கும் கிழக்குக்கும் 65,000 உருக்கு வீடுகள் கொண்டுவரும் திட்டம் பேசப்பட்டது. ஒன்றின் விலை 21 இலட்சம் ரூபாவளவு. கல்வீட்டுக்கு அதில் பாதியே ஆகும். வெக்கை, துரு, பின்னால் ஓர் அறை கூட்டிக் கட்ட முடியாமை, உள்ளூர் மேசனுக்கு வேலை இல்லாமை என்று பொறியியல் பேராசிரியர்களும் மக்களும் எடுத்துச் சொன்னார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அதே காலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் நடந்த வீட்டுத்திட்டமொன்றில், உள்ளூர் மண்ணோடு சிறிதளவு சீமெந்து சேர்த்து அழுத்திய கற்களால் வீடுகள் கட்டப்பட்டன. அந்தக் கல்லைச் சூளையில் சுட வேண்டியதில்லை, விறகு எரியாது. ஆற்றுமணலைக் களவாக அள்ளி ஆறுகளைக் குழியாக்கும் இந்த நாட்களில், குறைந்த சாந்தோடு கட்டக்கூடிய கல் ஒவ்வொன்றும் ஆற்றுக்குச் செய்யும் உதவி.

இவ்வளவையும் சொல்லும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. 1990களின் பொருளாதாரத் தடையின்போது இங்குள்ளோர் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டுச் சிக்கன விளக்கில் படித்தார்கள்; சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டார்கள். 2022இல் எரிபொருள் தீர்ந்தபோது மீண்டும் சைக்கிளில் ஏறினார்கள். அவற்றைப் பசுமை வாழ்க்கைக்கு முன்மாதிரி என்று மேடையில் புகழ்வோரைக் கேட்டால் எனக்கு ஒப்பாது. அது திணிக்கப்பட்ட பஞ்சம். அந்தத் தலைமுறையிடம் இன்னும் குறைத்து வாழுங்கள் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. கார்த்திகையில் நிறைந்த தாங்கியும் ஆடியில் குளிர்ந்த அறையும் நிழலும் நல்ல மண்ணும் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்க வேண்டியவை.

இரணைமடுவின் கீழ் ஒவ்வோர் ஆண்டும் சிறுபோகக் கூட்டம் நடக்கிறது. மாரி முடிந்தபின் குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று நீர்ப்பாசனத் திணைக்களத்தினர் சொல்வார்கள். அதற்கேற்ப எத்தனை ஏக்கர் விதைப்பது, எவருக்கு எவ்வளவு பங்கு, எப்போது துருசு திறப்பது என்று கமக்காரர் அமைப்புகளும் மாவட்டச் செயலாளரும் திணைக்களங்களும் கூடித் தீர்மானிப்பார்கள். வாக்குவாதம் நடக்கும், ஆனால் எல்லோர் முன்னாலும் ஓர் எண் இருக்கும். இதே கூட்டத்தை வளாகங்களும் ஆண்டுதோறும் மாசியில் கூட்டலாம் என்பது என் யோசனை. அதற்கு முன்னதாக ஒவ்வொரு கிணற்றிலும் அடி குறித்த அளவுகோல் ஒன்றும், ஒவ்வொரு விடுதிக்கும் தனி நீர்மானியும் பூட்ட வேண்டும், இரண்டும் மலிவு. மானியை மாதமொருமுறை வாசிப்பதை முதலாமாண்டு மாணவரின் செய்முறையாக்கலாம். கூட்டத்தில் விடுதிப் பொறுப்பாளரும் சமையற்காரரும் தோட்டத் தொழிலாளரும் மாணவர் பிரதிநிதியும் பராமரிப்புப் பொறியியலாளரும், துணைவேந்தருக்கு ஈடாகப் பேசும் உரிமையோடு உட்கார வேண்டும். மதிலுக்கு வெளியே கீழ்ப்புறக் கிராமத்துக் கமக்காரர் ஒருவரையும் கூப்பிட வேண்டும். வளாகத்தின் வாய்க்கால் அவருடைய வயலில்தான் போய் முடிகிறது.